வெட்டி எடுத்த மூச்சு

பேய்க்கதையில் பாதிப் பயம், பேய் வருவதற்கு முன்னால் வரும் அமைதியில் இருக்கிறது. அந்த அமைதியை ஒருத்தர் உட்கார்ந்து செய்கிறார் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பயம் போய்விடும், கம்பெனியும் மூடிவிடும். அப்படி அமைதி செய்து பிழைத்த ஒருத்தியின் கதை இது. வேலை பார்த்த இடத்தில் அவளைக் கத்தரி என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே கத்தரி மேடம், முதுகுக்குப் பின்னால் வெறும் கத்தரி. வெட்டுகிற வேலை என்பதால் வந்த பெயர். அவள் பேச்சும் அப்படித்தான், இரண்டு வார்த்தைக்கு மேல் வராது என்று சிலர் சொல்வார்கள். அதையும் மறுப்பதற்கில்லை.

பழைய பேய்க்கதைகளைப் புதுசாக்கி, குரலில் பதிந்து, போனில் கேட்க விடுகிற கம்பெனி அது. இருநூறு வருஷத்துக் கோட்டையை எடுத்துப் பதினாலு மாடிக் குடியிருப்பாக மாற்றுவார்கள். குதிரை வண்டி கால் டாக்ஸி ஆகும். மெழுகுவத்தி போன் டார்ச் ஆகும். பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறதோ என்று தவித்த அந்தக் காலத்து மணப்பெண், இப்போது புருஷனுடைய பூட்டிய போனுக்குள் என்ன இருக்கிறதோ என்று தவிப்பாள். ரத்தம் குடிக்கிற பிரபுவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையமே வைத்துக் கொடுத்துவிட்டார்கள், பாவம், அலைச்சல் மிச்சம். இதையெல்லாம் மாற்றி எழுதுகிறவர் முதலாளியேதான். "பேய் அதேதான், அட்ரஸ்தான் வேற" என்பது அவர் கொள்கை.

கம்பெனி என்றால் இரண்டே அறை, ஒரு பல் டாக்டரின் மாடியில். கீழே அவர் துளை போடுகிற சத்தம் மேலே உட்கார்ந்திருக்கிறவர்களின் பல்லையே கூச வைக்கும். அங்கே மைக் வைத்துப் பதிவது நடக்காத காரியம். அதனால் கதை வாசிக்கிறவர்கள் அவரவர் வீட்டிலேயே பதிந்து அனுப்பிவிடுவார்கள். கத்தரி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அதைக் கேட்டுக் கேட்டு வெட்டி ஒட்டுவாள்.

தப்பாகச் சொன்ன வார்த்தையை வெட்ட வேண்டும். நாக்கு ஒட்டுகிற சத்தத்தை வெட்ட வேண்டும். வயிறு கடமுடா என்றால் அதையும் வெட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட அதிகமாக வெட்ட வேண்டியது மூச்சு. ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் மனுஷன் எத்தனை தடவை மூச்சு இழுக்கிறான் என்று உன்னிப்பாகக் கேட்டால்தான் தெரியும். காதில் மாட்டிக் கேட்கிறவருக்கு அது யாரோ தோளுக்கு மேல் வந்து நிற்பது மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு மூச்சையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதே அறையின் வெறும் அமைதியை ஒரு துண்டு வைத்து ஒட்ட வேண்டும். சும்மா எடுத்துவிட்டால் அங்கே குழி விழுந்த மாதிரி கேட்கும்.

வெட்டிய மூச்சை அவள் தூக்கிப் போடுவதில்லை. சுவருக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான் என்று கதையில் வந்தால், அவன் மூச்சு விட்டாக வேண்டுமே! அதற்காகத் தேதி போட்டுச் சேர்த்து வைப்பாள். நல்ல மூச்சு கிடைப்பது லேசில்லை. கம்பெனியின் அத்தனை பேய்களும் விட்டது ஒரே ஒரு மனிதருடைய மூச்சைத்தான். அது அந்த மனிதருக்குத் தெரியாது.

அவருக்கு இவர்கள் வைத்த பெயர் பஸ் ஸ்டாண்டு சார். பஸ் நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று இருபத்தாறு வருஷம் அறிவித்தவர். பிறகு அந்த இடத்துக்கு ஒரு மிஷின் வந்தது, இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் சும்மா ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், டிக்கெட் எடுத்து அந்த ஊருக்குப் போக வேண்டும் போல இருக்கும் என்று முதலாளி சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காது மந்தமான அக்காவோடு ஊரின் மறுகோடியில் இருந்தார். அக்காவின் கம்பளிகளும் போர்வைகளும் தொங்கும் மர அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிப்பார். வெளிச்சத்தம் வராமலிருக்க அவரே கண்டுபிடித்த ஏற்பாடு.

வாசிப்பதற்கு முன்னால் அரை நிமிஷம் எதையாவது பேச வேண்டும் என்று கம்பெனியில் ஒரு வழக்கம். குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று பார்த்துச் சரிசெய்ய அது உதவும். மற்றவர்கள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். இவர் யாரும் பதில் சொல்லாத மைக்கில் ஆயுசு முழுக்கப் பேசியவர். இவருக்கு அரை நிமிஷம் எந்த மூலைக்கு?

"கத்தரி மேடம், வணக்கம். காலைல குடையை பேங்க்ல விட்டுட்டு வந்துட்டேன். திரும்பப் போய்ப் பாத்தா அதே மாதிரி மூணு குடை இருக்கு. எது என்னுதுன்னு தெரியல. இருக்கறதுல நல்லதா ஒன்னு எடுத்துட்டு வந்துட்டேன். தப்புங்களா? சரி, அத்தியாயம் ஏழு."

இப்படித்தான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் புதுச் செருப்பு வாங்கிவிட்டுக் கிரீச் கிரீச்சென்று நடப்பது, அக்காவோடு போட்ட சண்டை, சண்டையில் தான் தோற்றது, தலைமுடி வெட்டப் போன இடத்தில் தூங்கிவிட்டது. சில நாள் இரண்டு நிமிஷம்கூடப் போகும். எல்லாமே வெட்டிப் போட வேண்டிய பேச்சு. கத்தரி கதையிலிருந்து வெட்டினாள், ஆனால் போடவில்லை.

அவள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். கத்தரிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அதற்கு முன்னால் கல்யாண வீடியோ கடை ஒன்றில் இருந்தாள். சித்தப்பாக்களின் கொட்டாவியை வெட்டுவதுதான் அங்கே பெரிய வேலை. அப்பா இதய நோயோடு ஒன்பது வருஷம் படுத்திருந்தார், பார்த்துக்கொண்டது இவள்தான். அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அப்பா போன பிறகு தம்பி வீட்டு மாடியறையில் இருந்துகொண்டாள். தம்பியும் நல்லவன், தம்பி மனைவியும் நல்லவள். ஆனால் நல்லவர்கள் இருக்கிற வீட்டிலும் ஒருத்தி தனியாக இருக்க முடியும். அவள் இருந்தாள்.

ஒருநாள் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, காதில் மாட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தவளைத் தம்பி மனைவி பார்த்துவிட்டாள்.

"யாருக்கா போன்ல?"

"போன் இல்ல. வேலை."

"பேய்க்கதைதான வெட்டுறீங்க?"

"ஆமா."

"பேய் இவ்ளோ சிரிக்க வைக்குமா? எனக்கும் ஒன்னு பிடிச்சுக் குடுங்க, உங்க தம்பிய வெச்சிக்கிட்டு முடியல."

கத்தரி பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க முகம் சூடாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டு சாருக்கும் அவள் பதில் சொன்னதில்லை. அவளிடமிருந்து அவருக்குப் போவதெல்லாம் திருத்தப் பட்டியல் ஒன்றுதான். பக்கம் பதினாலு, மூக்கடைப்பு, மறுபடி. பக்கம் முப்பது, கதவு என்ற வார்த்தை தெளிவில்லை, மறுபடி. குடையைப் பற்றி அவர் கேட்ட நாளில் பட்டியலின் அடியில் "தப்புதான்" என்று அடித்தாள். அப்புறம் அதை அழித்துவிட்டாள். வேறொரு நாள் "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அடித்து, பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அழித்தாள். பயம்தான், வேறென்ன. பதில் போட்டால் அவர் யோசித்துப் பேச ஆரம்பித்துவிடுவார், கூண்டுக்குள் இருக்கிற மாதிரி இப்படித் தாராளமாகப் பேசமாட்டார் என்று நினைத்தாள். ஒளிந்து கேட்கிறவளின் நியாயம் அது. இப்படியே ஏழெட்டு வருஷம் போய்விட்டது.

எட்டாவது வருஷத்தின் முடிவில் பேச்சு குறைய ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் ஒன்றாயிற்று. ஒன்று அரையாயிற்று. கடைசியில் "வணக்கம் கத்தரி மேடம், அத்தியாயம் இருபது" என்பதோடு நின்றது. செருப்பு இல்லை, அக்கா இல்லை, ஒன்றும் இல்லை.

அலுத்துவிட்டது என்று நினைத்தாள். பதிலே சொல்லாத சுவரிடம் எத்தனை நாள்தான் பேசுவார் மனுஷன்? வேறு யாரோ கிடைத்திருப்பார்கள், திரும்பிப் பேசுகிறவர்கள். அந்த நினைப்பு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. பழைய பேச்சுகளை எடுத்து முதலிலிருந்து கேட்டாள். குடைக்காகச் சிரித்த அதே இடத்தில் அழுதாள். யாரை இழந்தோம் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு உரிமை இல்லை. நேரில் பார்த்ததே இல்லையே!

பேச்சு குறைந்த அதே சமயத்தில் மூச்சு கூடியது. முன்பெல்லாம் ஒரு முழு வரியை ஒரே மூச்சில் கொண்டுபோய்க் கரை சேர்ப்பவர், இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இழுத்தார். பிறகு மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை. இழுப்பின் அடியில் ஒரு நனைந்த சத்தம் இருந்தது. கத்தரி விடவில்லை. இருபது துண்டாக வந்த வரியை ஒரே வரியாக ஒட்டினாள். ஒட்டிய இடம் தெரியவில்லை. அவளுடைய வேலை அடுத்த மூன்று வருஷத்தில் எட்டிய உயரத்தை அதற்கு முன்னால் எட்டியதே இல்லை.

"சார் குரலுக்கு வயசே ஆகல பாத்தீங்களா? என்னத்த சாப்பிடுறாரோ!" என்றார் முதலாளி.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் கதையிலேயே மோசமான இடம் அதுதான்.

ஏனென்றால் அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டிருக்கிறாள். அப்பாவின் மூச்சு. தெரிந்துகொண்டே, அலமாரித் தூசியாக இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சளியாக இருக்கும். வயசானால் அப்படித்தான் இருக்கும். சொன்னால் அவர் டாக்டரிடம் போவார், டாக்டர் வாசிப்பை நிறுத்தச் சொல்வார். அரை நிமிஷப் பேச்சு போய்விட்டது, இனி கதையும் போய்விட்டால் அவளிடம் என்ன மிச்சம்? வாரத்துக்கு நாலு மணி நேரம் அந்தக் குரல் அவள் காதுக்குள் இருந்தது. அதை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை.

பதினோராவது வருஷம் முதலாளி ஒரு கதையை மாற்றி எழுதினார். செத்தான் என்று நினைத்து ஒருவனைக் கல்லறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், அவன் உள்ளேயிருந்து தட்டுகிறான் என்று பழைய கதைகளில் வருமே, அந்த வகை. முதலாளியின் கையில் கல்லறை லிஃப்ட் ஆயிற்று. விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட குடியிருப்பு. பழுது பார்க்க வந்தவன் இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறான். ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கும் ஒருத்திக்கு மட்டும் அவன் தட்டுவது கேட்கிறது. முதலில் தண்ணீர்க் குழாய் என்று நினைக்கிறாள். பிறகு இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் அவள் போன் பண்ணுவதில்லை.

அந்த அத்தியாயம் ஒரு வியாழக்கிழமை வந்தது. பஸ் ஸ்டாண்டு சார் வாசித்தார்: "அந்தச் சத்தம் அவளுக்கு... துணையாக இருந்தது. யாரிடமாவது... சொன்னால்... அது நின்றுவிடும்."

இரண்டே வரி. மூன்று மூச்சு. கத்தரி முதல் மூச்சை வெட்டினாள். இரண்டாவதை வெட்டினாள். மூன்றாவதுக்கு வந்தபோது கை ஓடவில்லை. கீழே பல் டாக்டர் யாருக்கோ துளை போட்டுக்கொண்டிருந்தார். காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றும் மறுநாளும் அவள் கதையைத் தொடவில்லை. சேர்த்து வைத்திருந்த மூச்சுகளைத் திறந்தாள். பதினோரு வருஷம். மாதத்துக்கு மூன்று என்று எடுத்து வரிசையாக ஒட்டினாள். வார்த்தை கிடையாது, வெறும் மூச்சு மட்டும். ஏழு நிமிஷம் வந்தது. முதலாளியிடம் விலாசம் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். திருத்தம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினாள். கதவைத் திறந்தது அக்கா. எழுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், தெருவுக்கே கேட்கிற குரல்.

"யாரும்மா? மீட்டர் பாக்கவா?"

"இல்லங்க, கதைக் கம்பெனில இருந்து வரேன். சாரைப் பாக்கணும்."

உள்ளே ஒரு நாற்காலியில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாக அவள் மனசில் இருந்த ஆளில் பாதிதான் இருந்தார். தலையில் முடி இல்லை. பாதங்கள் வீங்கிச் செருப்பை விட்டு வெளியே வழிந்தன. அவளுக்கு வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

"நான்... கத்தரி" என்றாள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "கத்தரி மேடமா! அக்கா, கத்தரி மேடம் வந்திருக்காங்க! வீட்டுக்கே வந்துட்டாங்க பாரு!" அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று இழுப்பு தேவைப்பட்டது. "எந்தப் பக்கங்க சரியில்ல? சொல்லுங்க, இப்பவே... மறுபடி படிச்சிடுறேன்."

"எல்லாப் பக்கமும் சரியா இருக்கு சார். ஒன்னு கேக்கணும் நீங்க."

ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தொழில் தெரிந்தவர் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார். ஏழு நிமிஷமும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். முடிந்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"பிரமாதங்க. சாதாரண ஆள் மாதிரி ஆரம்பிச்சு, போகப் போக... எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. யார் பண்ணது? எந்தப் பேய்க்கு வெக்கப்போறீங்க?"

"பேய்க்கு இல்ல சார். இது நீங்க."

"நான் இப்படிப் பண்ணினதே இல்லியே."

"பண்ணிருக்கீங்க. பதினோரு வருஷமா. கேக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் வெட்டி எடுத்தது."

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார், அங்கே யாரோ இருக்கிற மாதிரி.

அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் முகங்களைப் பார்த்தார். "என்னவாம்? என்ன அது? குடு இங்க" என்று பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். கத்தரி சத்தத்தை முழுக்க ஏற்றினாள். கூடப் பிறந்தவன் பக்கத்து அறையில் எப்படி மூச்சு விடுகிறான் என்பதை அந்த அம்மாள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார். பாதியிலேயே கழற்றிவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வருஷமா" என்றாள் கத்தரி, உரக்க.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத்தான் காது கேக்காது. உனக்கு என்ன கேடு?"

அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது நன்றாகத் தயார் பண்ணிய பதில் ஒன்று இருந்தது. அது வரவில்லை. "சொன்னா படிக்கறத நிறுத்திடுவாரு" என்றாள். "நிறுத்திட்டா எனக்குக் கேக்கறதுக்கு வேற யாரும் இல்ல. அதான் சொல்லல. தப்புதான்."

அதை அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக மனசைத் திறந்து பேசினாள், அதையும் தெருவே கேட்கக் கத்தித்தான் பேச வேண்டி வந்தது.

அக்கா அதற்குமேல் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பிக்குச் சட்டையை மாட்டிவிட்டார், வண்டியைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் இதயத்தின் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது, தண்ணீர் நுரையீரல்வரை வந்துவிட்டது என்றார்கள். "ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும்மா" என்று டாக்டர் அக்காவிடம் சத்தமாகச் சொன்னார். நடைபாதைச் சுவரோரம் நின்றிருந்த கத்தரிக்கும் அது கேட்டது. அவளுக்குத்தான் எல்லாமே நன்றாகக் கேட்குமே.

மார்பைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்கள். பிழைத்தார். ஆனால் பல நாள் தொண்டை வழியாகக் குழாய் போட்டிருந்ததில் குரல் போய்விட்டது. மணலைத் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்புதான் வந்தது. இது இவ்வளவுதான், இனி பழையபடி வராது என்றார் டாக்டர். லிஃப்ட் கதையின் மிச்சத்தை வாசிக்க முதலாளி ஒரு புது ஆளைப் பிடித்தார். நல்ல குரல். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிவிட்டு ஆரம்பிப்பான். கத்தரி அவன் மூச்சை வெட்டினாள், ஒட்டினாள், வீட்டுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் மாலை நாலிலிருந்து ஐந்து. பல் டாக்டரின் துளைச் சத்தம் கொடுமை என்று முதலாளியிடம் ஒரு சாக்குச் சொல்லிவிட்டுத் தினமும் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாள். முதல் பன்னிரண்டு நாள் அக்கா உள்ளே விடவில்லை. வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பதின்மூன்றாம் நாள் அக்கா வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்காமல், "கூப்பிடுறான்" என்றார்.

அவர் முன்னைவிடவும் சிறுத்திருந்தார். ஆனால் பாதங்களில் வீக்கம் இல்லை. மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. அவள் அதைத்தான் முதலில் கேட்டாள், அவர் பேசுவதற்கு முன்னால். பேச ஆரம்பித்ததும், இந்தக் கரகரப்புக்கு அடியில் எங்கேயாவது பழைய குரல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. ஆளை எதிரே வைத்துக்கொண்டு அந்த ஆளின் குரலுக்கு ஏங்குவது என்ன மாதிரியான தண்டனை என்று அவளுக்குத் தோன்றியது. தனக்கு இது வேண்டும் என்றும் தோன்றியது.

"கோபமா சார்?" என்று கேட்டாள்.

"இருக்குங்க" என்றார். "மூச்சு... நல்லா வரட்டும். அப்புறம் கோபப்படுறேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி நிறையப் பேசுவீங்க" என்றாள். "அப்புறம் குறைச்சிட்டீங்க. அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

அவர் அவளைப் பார்த்தார். "படிக்கவே மூச்சு பத்தல. பேசறதுக்கு எங்க போறது? படிக்கறதுக்குன்னு மிச்சம் பிடிச்சேன்." ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அதெல்லாம் நீங்க கேக்கறதில்லன்னு நினைச்சேன். பாக்காம வெட்டிப் போட்டுடுவீங்கன்னு."

"எல்லாம் கேட்டேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. மனப்பாடம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது. "நான் அத்தனை கேள்வி கேட்டேனே" என்றார். "ஒரு பதில் போட்டிருக்கலாம்ல?"

கத்தரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிப் பழகாத வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

"முதல் நாள் கேட்டீங்க, எங்க ஆபீஸ் ஜன்னல்ல இருந்து என்ன தெரியும்னு. பல் டாக்டரோட தண்ணித் தொட்டி தெரியும். அதுமேல ரெண்டு புறா உக்காந்திருக்கும், அப்ப இருந்த புறா இல்ல, இது வேற. ரெண்டாவது அத்தியாயத்துல கேட்டீங்க, காபியா டீயான்னு. டீ. சக்கரை கம்மி. மூணாவதுல, எனக்குப் பேய்னா பயமான்னு கேட்டீங்க. பயம் இல்ல. வீட்டுல யாரும் இல்லாதப்போ கதவு தட்டுனா மட்டும் பயம். நாலாவதுல உங்க அக்கா கோவிச்சிக்கிட்டு நாலு நாள் பேசலன்னு சொல்லி, என்ன பண்ணலாம்னு கேட்டீங்க. நீங்களே முதல்ல போய்ப் பேசிருக்கணும். தப்பு உங்க மேலதான்."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா இவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றா அவ?" என்று கேட்டார்.

"பதில்" என்றார் அவர்.

அக்காவுக்கு அது கேட்டதோ இல்லையோ, எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கத்தரி ஐந்தாவது அத்தியாயத்துக்குப் போனாள். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னபோது அவர்கள் முதல் வருஷத்தின் மூன்றாவது மாதத்தில் இருந்தார்கள்.